சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

வெளிநாட்டு விசா என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும், பேங்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?" என்பவைதான். இவையெல்லாம் பின்னால் வருகிற கேள்விகள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும் கேள்வி வேறு: "உங்கள் சர்நேம் என்ன?" தமிழர்களில் பல பேருடைய காரியம் இந்த ஒரு கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, கல்லூரிக்குக் கோயமுத்தூர் போய்வரும் நம் கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துக் குடும்பங்களுக்கோ இந்தச் சிக்கல் இரட்டிப்பு.

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விசா ஏஜெண்டும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆனாலும் ஓய்வுக்குப் பின் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்ய உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பணம் இல்லாமல் நின்றவர்களைவிட, பெயர் ஒத்துப்போகாமல் நின்றவர்கள் அதிகம். எனவே இந்தப் பெயர் விஷயத்தை மட்டும் இக்கட்டுரையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பெயரும் அவர்கள் கட்டமும்

பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று 'கிவன் நேம்', அதாவது நமக்கு வைத்த பெயர். மற்றொன்று 'சர்நேம்', அதாவது குடும்பப் பெயர். ஐரோப்பியர் வழக்கத்தை ஒட்டி வந்த ஏற்பாடு இது. அவர்களுக்குத் தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர். நமக்கு அப்படி இல்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். அந்த இனிஷியல் அப்பாவின் பெயரிலிருந்து வருவதால் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

இதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. முன்பு நம்மவர் பெயருக்குப் பின்னாலும் வால் இருந்தது. அது சாதிப் பெயர். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு வந்த தலைமுறைகளில் தமிழர்கள் பெரும்பாலோர் அந்த வாலை விட்டுவிட்டார்கள். ஆக நமக்கு சர்நேம் இல்லாதது ஏதோ குறை அல்ல. யோசித்து விட்ட ஒன்று அது. சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது.

நம் பாலக்காட்டுப் பெரியவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் கமிஷனராக இருந்த டி. என். சேஷன் அவர்களின் முழுப்பெயர் திருநெல்லை நாராயண ஐயர் சேஷன். முதல் எழுத்து ஊரைக் குறிக்கும், அடுத்தது அப்பாவை. எலப்புள்ளியில் பிறந்த மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதன் அவர்களின் பெயர் மனயங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன். முதலில் வீட்டுப் பெயர், பிறகு அப்பா பெயர். இப்படி ஊர், வீடு, அப்பா என்று எது வேண்டுமானாலும் நம் இனிஷியலுக்குள் இருக்கலாம். வெளியார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தை உலகமே 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிட்டது. ஆனால் விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர். அவர் பெயர் ஆனந்த்! உலக சாம்பியனுக்கே இந்த நிலை என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இயந்திரம் எப்படிப் படிக்கிறது

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். ஒவ்வொரு வரியிலும் 44 எழுத்துகளுக்கு இடம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை இது. எல்லா நாட்டுக்கும் பொது. முதல் வரியில் இது பாஸ்போர்ட் என்பதற்கும் நாட்டின் பெயருக்குமாக 5 இடங்கள் போய்விடும். மிச்சம் 39 இடங்களில் முதலில் சர்நேம், நடுவில் ஓர் அடையாளம், பிறகு கிவன் நேம். அதற்கு மேல் நீண்டால் பெயர் வெட்டுப்படும். ஊர், வீடு, தாத்தா, அப்பா என்று எல்லாவற்றையும் விரித்து எழுதினால் இடம் போதாது. வெறும் இனிஷியலையோ நம் பாஸ்போர்ட் விண்ணப்பம் ஏற்பதில்லை. "இனிஷியல் கூடாது, விரித்து எழுதவும்" என்பதே விதி.

சரி, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன? இந்தியாவில் அப்படி பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. நம்மில் பல பேரிடம் அப்படித்தான் இருக்கிறது. வெளியே போகும்போதுதான் விஷயம் தெரியும்.

அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே பெயர் உள்ளவர்கள், அந்தப் பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதி, கிவன் நேம் கட்டத்தில் 'எப். என். யூ.' என்று எழுத வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே போய் எடுக்கும் டிரைவிங் லைசென்ஸ், பேங்க் கணக்கு, கல்லூரிப் பதிவு என்று பலவற்றில் அதுவே பெயர் போல ஒட்டிக்கொள்ளும். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போதே, முதற்பெயர் தெரியாதவன் என்று அச்சாகிறது. கனடாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு அதிகம் சம்பந்தப்பட்டது வளைகுடா. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசா போன்றவற்றில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமானக் கம்பெனிகள் டிக்கெட் கடைகளுக்கு அவசரச் சுற்றறிக்கை அனுப்பின. சில நாட்களில் இன்னொரு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பு விசா உள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சலுகை இன்று வரும், நாளை மாறும். அதை நம்பி இருப்பதைவிட, சர்நேம் கட்டத்தை ஒழுங்காக நிரப்பி வைத்துக்கொள்வதே நல்லது.

எல்லையில் மாறும் எழுத்து

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இல்லாத இன்னொரு தொல்லை நமக்கு உண்டு. நம் பெயர் தமிழில் பிறந்து, மலையாளத்தில் பதிவாகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகிறது. ஆறுமுகம் என்று தமிழ்நாட்டில் எழுதினால் ஆங்கிலத்தில் நடுவே 'ஜி' வரும், கடைசியில் 'எம்' வரும். இங்கே மலையாள வழக்கப்படி அது ஆறுமுகன் ஆகிவிடும். நடுவில் 'கே, ஹெச்' அல்லது 'ஜி, ஹெச்', கடைசியில் 'என்'. தங்கவேல் என்பதில் நாம் 'ஜி' போடுவோம், இங்கே 'கே' போடுவார்கள். முருகன், சண்முகம், வேலாயுதம் எல்லாவற்றுக்கும் இதே கதை. எழுதுகிறவர் மேல் தப்பு இல்லை. அவர் தம் மொழியில் கேட்டபடி எழுதுகிறார். ஆனால் அதே ஆளின் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, கோயமுத்தூர் மில்லின் பி.எப். கணக்கில் ஒரு மாதிரி என்று மூன்று பெயர் உண்டாகிவிடுகிறது.

ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு இதைப் பார்க்கும்போது கேஜ் மாற்றம்தான் நினைவுக்கு வரும். பாலக்காடு – பொள்ளாச்சி பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். நம் மெயின் லைன் பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர். இரண்டும் நல்ல பாதைதான். ஆனால் ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. 2015-இல் பொள்ளாச்சிப் பாதை பிராட் கேஜாகித் திறந்த பிறகுதான் வண்டி நேராகப் போனது. பெயரும் அப்படித்தான். எல்லாக் காகிதத்திலும் ஒரே அளவு இருந்தால்தான் வண்டி ஓடும்.

நடந்த ஒன்று சொல்கிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஆறுமுகம் என்று ஓர் அண்ணன், கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. மகள் கவிதா கோயமுத்தூரில் நர்சிங் படித்தாள். பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழில் பெண் பெயர் சரி, அப்பா 'ஆறுமுகன்'. எஸ்.எஸ்.எல்.சி.யிலும் பட்டத்திலும் 'கவிதா ஏ'. பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து சர்நேம் 'ஆறுமுகன்' என்று வந்துவிட்டது. அப்பாவின் ஆதாரில் 'ஆறுமுகம்'. வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை உறுதியானது. சான்றிதழ்களைச் சரிபார்த்தவர்கள், "இந்த 'ஏ' என்பது யார்? இரண்டு அப்பா பெயரும் ஒருவருடையதுதானா?" என்று கேட்டார்கள். நோட்டரி முன் அஃபிடவிட், கல்லூரியிலிருந்து கடிதம், வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வாங்குவதற்குள் மாதங்கள் ஓடின. அந்த ஆஸ்பத்திரி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பெண் நன்றாகப் படித்தவள், தேர்விலும் குறையில்லை. ஒரு 'ம்' எழுத்தும் ஒரு 'ன்' எழுத்தும் அவளை ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்தன. அந்த அண்ணன் அன்று என்னிடம், "சார், என் பேருதான் என் புள்ளைக்கு எதிரியாப் போச்சு" என்றார். எந்தத் தகப்பனும் இப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிறப்புப் பதிவு. குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அப்போதே குழந்தையின் பெயரையும் சர்நேமையும் முழுதாக முடிவு செய்துவிடுங்கள். அப்பா அம்மா பெயர்கள் அவரவர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். இனி அதுவே எல்லாவற்றுக்கும் வேர்.

இரண்டாவது, பள்ளி. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு முன் மாணவர் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளியில் கேட்பார்கள். பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான் என்று இருந்துவிடாமல், பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இனிஷியலாக இல்லாமல் விரித்த பெயராகப் போட முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பின்னால் கல்லூரிப் பட்டம் முழுவதும் இந்தப் பெயரைத்தான் பின்பற்றும்.

மூன்றாவது, ஏற்கெனவே படித்து முடித்தவர்கள். எல்லாக் காகிதங்களையும் ஒரு மேஜையில் பரப்பி, ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக எழுதிப் பாருங்கள். திருத்துவதற்கு மிகக் கஷ்டமான ஆவணம் எதுவோ, பெரும்பாலும் அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்தபடி மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஆகவே அக்ஷயா சென்டருக்குப் போகும் முன் நோட்டில் எழுதி முடிவு செய்துகொண்டு போங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குக் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் மூலம் 'ஒன் அண்ட் தி ஸேம்' சான்றிதழ் கிடைக்கும். அது திருத்தம் செய்ய உதவும் காகிதம். திருத்தத்தையே தவிர்ப்பதற்கான காகிதம் என்று எண்ண வேண்டாம். பெயரே மாறுகிறது என்றால் கெஜட்டில் வெளியிட வேண்டியிருக்கும்.

நான்காவது, பாஸ்போர்ட். சர்நேம் காலியாக இருந்தால் 'ரீ-இஷ்யூ' என்ற வகையில் விண்ணப்பித்துச் சேர்த்துக்கொள்ளலாம். வேலையோ படிப்போ கிடைத்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே செய்யுங்கள். 2018 ஜூன் முதல் நாட்டில் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று ஆகியிருக்கிறது. எனவே நமக்குக் கொச்சியும் ஆகும், கோயமுத்தூரும் ஆகும். ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் கொடுக்கும் முகவரிக்குத்தான் வரும். உண்மையில் குடியிருக்கும் வீட்டு முகவரியையே கொடுங்கள்.

ஐந்தாவது, கல்யாணம். மனைவி, குழந்தைகளைக் கூட்டிக்கொள்ளும் விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு விதிகளும், தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லாத் திருமணங்களையும் பதியச் சொல்கின்றன. பழனியிலோ மருதமலையிலோ தாலி கட்டிவிட்டு இங்கே வந்து குடித்தனம் நடத்துகிறவர்கள் நம்மில் அதிகம். பதிவு பொதுவாகத் திருமணம் நடந்த இடத்தைச் சார்ந்தது. எனவே ஊர் திரும்பும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பட்டம் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் இருப்பதைவிட, அப்பா பெயரிலேயே தொடர்வது வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சௌகரியம். கணவர் பெயரை எழுத விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கிறது.

ஆறாவது, சான்றிதழ் அட்டெஸ்டேஷன். கல்விச் சான்றிதழை முதலில் உறுதி செய்ய வேண்டியது அதைக் கொடுத்த மாநிலம். கேரளச் சான்றிதழுக்கு நோர்கா ரூட்ஸ் இருக்கிறது. கோயமுத்தூரில் படித்த பட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு வழியாகப் போக வேண்டும். பிறகு அபோஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள நாடு என்றால் அபோஸ்டில் முத்திரை. 2005 முதல் இந்தியாவும் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. முத்திரை எத்தனை விழுந்தாலும் உள்ளே இருக்கும் பெயரை அது திருத்தாது. எனவே பெயரைச் சரிசெய்துவிட்டே இதற்குப் பணம் கட்டுங்கள்.

கடைசியாக, விசா விண்ணப்பம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே கட்டத்தில் அதே எழுத்தில் எழுதுங்கள். விமான டிக்கெட்டும் அப்படியே. "வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா?" என்று கேட்டால், பழைய சான்றிதழில் உள்ள பெயரை மறைக்காமல் எழுதுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும் என்று சொல்லும் ஏஜெண்டின் பேச்சைக் கேட்க வேண்டாம். கையெழுத்துப் போடுவது நீங்கள். பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்.

எந்தப் பெயரைப் போடுவது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். "சர்நேம் வேண்டும் என்கிறார்களே, பழையபடி சாதிப் பெயரைப் போட்டுவிடலாமா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன். எந்த நாட்டு விசா விண்ணப்பமும் சாதியைக் கேட்கவில்லை. குடும்பத்தைக் காட்டும் ஒரு பெயரைத்தான் கேட்கிறது. அதற்கு அப்பா பெயர் போதும். அம்மா பெயரைப் போட்டாலும் தவறில்லை. தாத்தாக்கள் யோசித்து விட்ட ஒன்றைப் பேரன்கள் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம். மலேசியத் தமிழர்கள் மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற எழுத்துகளைப் போட்டு அப்பா பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். சிங்கப்பூரிலும் இதுபோல 'எஸ்/ஓ', 'டி/ஓ' உண்டு. நம் முறையை வைத்துக்கொண்டே உலகத்தோடு ஒத்துப்போக வழி இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அப்பா பெயரைப் போட்டால் அப்பாவின் சர்நேம் தாத்தா பெயராக இருக்கும், பிள்ளையின் சர்நேம் அப்பா பெயராக இருக்கும். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று சர்நேம். பிள்ளையை அழைத்துக்கொண்டு பயணம் போகும்போது, "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்கலாம். கோபப்பட வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்திருங்கள். இல்லை, தாத்தா பெயரையே குடும்பப் பெயராக நிலைநிறுத்தி எல்லாத் தலைமுறைக்கும் போடுகிறோம் என்றாலும் சரி. எதைச் செய்தாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். அண்ணனுக்கு ஒரு முறை, தங்கைக்கு ஒரு முறை என்று வேண்டாம்.

வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள அத்தனை பேருடைய காகிதங்களையும் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வெளிநாடு போகும் எண்ணம் இன்று இல்லாமல் இருக்கலாம். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து அந்த எண்ணம் வரலாம். அன்று அவர்கள் தங்கள் படிப்பையும் திறமையையும் காட்டி நிற்கட்டும். நாம் வைத்த பெயர் அவர்களுக்கு வழிவிட்டு நிற்கட்டும்.